வியூமாடல் டெஸ்ட் என் கணினியில் பாஸ், சிஐ-யில் மட்டும் ஃபெயில் (அவசரம்)

அலைவரிசை:
வணக்கம். வியூமாடலுக்கு (திரையில் காட்ட வேண்டிய நிலையை வைத்திருக்கும் பகுதி) எழுதிய டெஸ்ட் என் லேப்டாப்பில் எப்போது ஓட்டினாலும் பச்சை. சிஐ-யில் (கோடைத் தானாகவே சோதிக்கும் சர்வர்) சில சமயம் பாஸ், சில சமயம் ஃபெயில். கோடு ரொம்ப எளிமையானது, தப்பு நடக்க அதில் இடமே இல்லை. இன்று மாலைக்குள் முதன்மைக் கோடில் மெர்ஜ் ஆக வேண்டும். என்ன காரணமாக இருக்கும்?

நள்ளிரவு_நிரலர்:
ஆண்ட்ராய்டா, ஐஓஎஸ்ஸா? என்ன பிழை வருகிறது? டெஸ்டின் நான்கு வரியையாவது போடுங்கள். இப்படிக் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

பச்சைக்கிளி:
கிரேடில் (ஆப்பைக் கட்டமைக்கும் கருவி) சேமித்து வைத்திருக்கும் கேஷ்தான், சந்தேகமே வேண்டாம். சிஐ-யில் அதை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அலைவரிசை:
ஆண்ட்ராய்டு, கோட்லின். பிழை இதுதான்: எதிர்பார்த்த நிலை சக்சஸ், வந்தது லோடிங். கேஷை அழித்தாயிற்று, மாற்றமில்லை. அசெர்ட்டுக்கு (முடிவைச் சரிபார்க்கும் வரி) முன்னால் த்ரெட்.ஸ்லீப்(500) கூடப் போட்டு அரை விநாடி நிறுத்திப் பார்த்தேன். பயனில்லை.

மூத்த_குடி:
தம்பி, டெஸ்டில் ஸ்லீப் போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டாலே ஆர்க்கிடெக்சர் சரியில்லை என்று பொருள். முதலில் யூஸ்கேஸ், ரெப்போசிட்டரி (தகவலைக் கொண்டுவந்து தரும் பகுதி), டேட்டா சோர்ஸ் என்று அடுக்குகளைப் பிரித்து எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். அதைச் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

நள்ளிரவு_நிரலர்:
அடுக்கு பிரித்தவர்களுக்கும் வரும் ஐயா, எனக்கே வந்தது. அலைவரிசை, மெயின் டிஸ்பாட்சரை (வேலை எந்த த்ரெட்டில், அதாவது எந்த வேலைப் பாதையில், ஓட வேண்டும் என்று முடிவு செய்வது) டெஸ்டில் மாற்றியிருக்கிறீர்களா? ரன்டெஸ்ட் பயன்படுத்துகிறீர்களா? ரெப்போசிட்டரி நிஜமானதா, மாக்கா (சொன்ன பதிலை மட்டும் தரும் போலி)?

திரைவிலக்கு:
ஸ்டேட்ஃப்ளோ (இப்போதைய நிலையை வைத்திருந்து கேட்பவருக்குத் தரும் கோட்லின் வகை) இடைப்பட்ட மதிப்புகளை விழுங்கிவிடும், அதைப் பாருங்கள். லோடிங், சக்சஸ் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கலெக்ட் செய்பவருக்குக் கடைசியாக வந்தது மட்டும் கிடைக்கலாம்.

நள்ளிரவு_நிரலர்:
நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்படி நடந்தால் லோடிங் காணாமல் போகும், சக்சஸ் நிற்கும். இவருக்கு லோடிங்கிலேயே நிற்கிறது.

அலைவரிசை:
செட்மெயின் போட்டு மெயினை மாற்றியிருக்கிறேன், ஸ்டாண்டர்ட்டெஸ்ட்டிஸ்பாட்சர். ரன்டெஸ்டுக்குள் வியூமாடல்.லோட்(), அப்புறம் அட்வான்ஸ்அன்டில்ஐடில்(), அப்புறம் ஸ்லீப், அப்புறம் அசெர்ட். ரெப்போசிட்டரி நிஜமானது, அதற்குக் கீழே இருக்கும் ஏபிஐ (சர்வரிடம் தகவல் கேட்கும் பகுதி) மட்டும் மாக். ரெப்போசிட்டரியில் ஒன்றுமில்லை, வித்கான்டெக்ஸ்ட்(டிஸ்பாட்சர்ஸ்.ஐஓ) போட்டு ஏபிஐயை அழைக்கிறது, அவ்வளவுதான்.

நள்ளிரவு_நிரலர்:
அந்த ‘அவ்வளவுதான்’ தான் பிரச்சினை.

அட்வான்ஸ்அன்டில்ஐடில் தன் ஷெட்யூலரின் (டெஸ்டில் எது எப்போது ஓடும் என்று வரிசைப்படுத்துவது) வரிசையில் இருப்பதை மட்டும்தான் ஓட்டும். டிஸ்பாட்சர்ஸ்.ஐஓ என்று கோடிலேயே எழுதிவிட்டால் அந்த வேலை நிஜமான வேறொரு த்ரெட்டுக்குப் போய்விடுகிறது. ஷெட்யூலர் தன் வரிசையைப் பார்க்கிறது, காலியாக இருக்கிறது, ‘முடிந்தது’ என்று திரும்பிவிடுகிறது. அதற்குள் ஐஓ வேலை முடிந்திருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். உங்கள் லேப்டாப் வேகமானது, அதனால் பந்தயத்தில் ஜெயிக்கிறது.

ஸ்லீப் ஏன் உதவவில்லை என்றால், ஐஓ முடிந்ததும் மீதிக் கோடு மெயினுக்குத் திரும்ப வேண்டும். மெயின் இப்போது உங்கள் டெஸ்ட் டிஸ்பாட்சர். அந்த மீதி அதன் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும், எடுத்து ஓட்ட ஆளில்லை. நீங்கள் அரை விநாடி இல்லை, அரை மணி நேரம் தூங்கினாலும் லோடிங்தான். ஸ்லீப்புக்கு அப்புறம் இன்னொரு அட்வான்ஸ் போட்டால் பெரும்பாலும் பாஸ் ஆகும், ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டிஸ்பாட்சரை ரெப்போசிட்டரியின் கன்ஸ்ட்ரக்டரில் (அதை உருவாக்கும் இடத்தில்) வெளியிலிருந்து வாங்குங்கள். ஆப்பில் ஐஓ, டெஸ்டில் டெஸ்ட் டிஸ்பாட்சர். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டும் ஒரே ஷெட்யூலரைப் பகிர வேண்டும். செட்மெயினுக்குக் கொடுத்த அதே டிஸ்பாட்சரையே இங்கேயும் கொடுத்துவிடுங்கள், தலைவலி இல்லை.

மூத்த_குடி:
நான் சொன்னதும் இதைத்தான், தேவையானதை வெளியிலிருந்து கொடுப்பது. டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்.

திரைவிலக்கு:
நீங்கள் சொன்னது அடுக்குகளைப் பற்றி.

பச்சைக்கிளி:
என்னைக் கேட்டால் ஏபிஐயை மாக் செய்வதே தப்பு. நிஜம் போலவே இயங்கும் எளிய ஃபேக் கிளாஸ் ஒன்றை எழுதிவிட்டால் எல்லா டெஸ்டுக்கும் ஆகும். மாக்கில் ‘இந்த ஃபங்ஷன் ஒரு முறை அழைக்கப்பட்டதா’ என்று வெரிஃபை செய்துகொண்டே போனால், உள்ளே பெயரளவில் ரீஃபேக்டர் (செயல் மாறாமல் கோடைத் திருத்தி எழுதுவது) செய்தாலும் பத்து டெஸ்ட் உடைகிறது, ஆப் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மூத்த_குடி:
ஃபேக் எழுதினால் அந்த ஃபேக்குக்கு யார் டெஸ்ட் எழுதுவது? நான் பார்த்த ப்ராஜெக்டில் ஃபேக் வளர்ந்து வளர்ந்து நிஜ ரெப்போசிட்டரியை விடப் பெரிதாகிவிட்டது. மாக்கே போதும்.

பச்சைக்கிளி:
ரிலாக்ஸ்ட் மாக் போட்டுவிட்டு, அது தானாகத் திருப்பிக் கொடுக்கும் பூஜ்யத்தையும் காலி ஸ்ட்ரிங்கையும் வைத்து டெஸ்ட் பாஸ் என்று சந்தோஷப்படுவதற்கு இது எவ்வளவோ மேல்.

நள்ளிரவு_நிரலர்:
இதற்கு வேறு இழை தொடங்குங்கள் ஐயா. அவருக்கு மாலைக்குள் மெர்ஜ் ஆக வேண்டுமாம்.

திரைவிலக்கு:
கெடு தாண்டியிருக்கும், ஆளையே காணோம். எனக்கு ஒரு சந்தேகம்: ஐஓ-வுக்குப் பதில் டிஸ்பாட்சர்ஸ்.டிஃபால்ட் என்று எழுதியிருந்தாலும் இதே கதைதானே?

நள்ளிரவு_நிரலர்:
அதேதான். அதுவும் நிஜ த்ரெட்தான். நடுவில் டிலே() என்ற காத்திருப்பு இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: டெஸ்ட் டிஸ்பாட்சரில் அது உடனே தாண்டிவிடும், டிஃபால்டில் உண்மையாகவே காத்திருக்கும்.

அலைவரிசை:
கன்ஸ்ட்ரக்டரில் மாற்றினேன், சிஐ பச்சை. நன்றி. ஸ்லீப்பை எடுத்துவிட்டேன்.

மூத்த_குடி:
பச்சைக்கிளி, உங்கள் ஃபேக் கிளாஸ் எத்தனை வரி? சொல்லுங்கள் பார்ப்போம்.