மறு: ‘வணிகவழிச் செல்வாக்கு’ – கலைச்சொல் முன்மொழிவு

> ‘கார்ப்பரேட் அரசியல்’ என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே. எல்லோருக்கும் விளங்கும்.

வணக்கம் ஐயா,

விளங்கும்தான், ஆனால் வேறொன்றாக விளங்கும். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் கட்சி நன்கொடையும் தேர்தல் செலவும்தான் மனதுக்கு வருகின்றன. எங்கே கட்டுவது, எதை மூடுவது, யாருக்கு விளம்பரம் கொடுப்பது என்ற தன் தொழில் முடிவுகளைக் கொண்டே ஒரு நிறுவனம் அரசை அசைப்பதற்குத்தான் நாங்கள் பெயர் தேடுகிறோம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2018இல் நடந்ததைப் பாருங்கள். வீடற்றவர்களுக்கு உதவவென்று பெரிய நிறுவனங்களிடம் ஓர் ஊழியருக்கு 500 டொலர் வீதம் வரி அறவிட நகரசபையில் யோசனை வந்தது. மே தொடக்கத்தில் அமேசான் தன் புதிய கோபுர வேலையை, வாக்கெடுப்பு முடியட்டும் என்று நிறுத்திவைத்தது. வரிக்கு ஆதரவாகப் பேச வந்த சபை உறுப்பினரை, இரும்பு வேலை செய்யும் கட்டடத் தொழிலாளர்களே கோஷம் போட்டுப் பேசவிடவில்லை. மே 14இல் வரி 275 டொலராகக் குறைந்து நிறைவேறியது. ஜூன் 12இல் அதே சபை அதையும் நீக்கிவிட்டது. வரியை எதிர்த்த கையெழுத்து இயக்கத்துக்கு நிறுவனங்கள் பணமும் கொடுத்தன, சரி. அதற்கு எங்களிடம் சொல் இருக்கிறது. கோபுரத்தை நிறுத்தியதற்குத்தான் இல்லை.

சட்டத்திலும் இதே ஓட்டைதான். இங்கே இலங்கையில் 2023இல் வந்த தேர்தல் செலவினச் சட்டப்படி வேட்பாளர் நன்கொடைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சம்பளப் பேச்சு நடக்கும் நேரம் பார்த்து ஒரு கம்பனி “ஆலையை பங்களாதேஷுக்கு மாற்றப் போகிறோம்” என்றால், அது எந்தப் படிவத்திலும் ஏறாது. பெயரில்லாததைக் கேள்வி கேட்பதும் கஷ்டம்.

அக்கா சொன்ன ‘முதலீட்டு நெருக்குதல்’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது மிரட்டலை மட்டும் பிடிக்கிறது, ஆசைகாட்டலை விட்டுவிடுகிறது. அமேசான் 2017இல் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 விண்ணப்பங்கள் குவிந்தன. எத்தனையோ நகரங்கள் வரிச்சலுகையைத் தாங்களாகவே நீட்டின. அதை நெருக்குதல் என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் ‘செல்வாக்கு’ என்கிறேன். ‘வர்த்தகம்’ இங்கே ஏற்றுமதி, இறக்குமதிப் பக்கம் இழுக்கும். ‘வணிகம்’ உயர்தரத்தில் வணிகக் கல்வி படித்த பிள்ளைக்கும் பழகிய சொல். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “கோபுர வேலையை நிறுத்தி அமேசான் நகரசபை மீது வணிகவழிச் செல்வாக்குச் செலுத்தியது.” வாசிக்கத் தடங்கல் இல்லை.

அப்புறம் ஒன்று: அரசை விமர்சிக்கும் பத்திரிகைக்கு ஒரு நிறுவனம் விளம்பரத்தை நிறுத்தி அமைச்சரின் மனதைக் குளிர்விப்பதும் இதற்குள் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரைவிலக்கணத்தில் ‘முதலீடு’ என்று மட்டும் எழுதினால் அது வெளியே போய்விடும். ‘தொழில் முடிவு’ என்று எழுதலாமா, ஐயா?