மொலொகாய் தீவு, 1866: நாவலை யார் கண்ணால் சொல்வது?

கேள்வி

ஹவாயின் மொலொகாய் தீவை வைத்து ஒரு வரலாற்று நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்க 1865இல் சட்டம் போட்டு, 1866 ஜனவரி 6 அன்று முதல் 12 தொழுநோயாளிகளைக் கலாவுபாபா முனையில் இறக்கிவிட்டார்கள். மூன்று பக்கம் கடல், பின்னால் செங்குத்தான மலை. அவர்களுக்குத் தொண்டு செய்த பாதிரியார் டேமியன் அடிகளார் வந்தது 1873இல்தான். நான் எழுத நினைப்பது அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளை. ஆனால் என் நோயாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி அழுதுகொண்டே இருக்கிறார்கள். யாராவது ஒருவர் வழியாகச் சொல்ல வேண்டும். யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதில் 1

பீட்டர் கயியோவின் கடிதங்களைத் தேடிப் படியுங்கள். எம்மா அரசியின் உறவினர், 1873இல் அங்கே அனுப்பப்பட்டவர். உங்கள் காலத்துக்குச் சற்றுப் பிந்தியது என்றாலும், உள்ளே இருந்த ஒருவரே அரசிக்கு எழுதியவை. அன்றாட வாழ்க்கை அதில் கிடைக்கும்.

பதில் 2

கோகுவா ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நோய் இல்லாமலே, நோயாளிக்குத் துணையாகக் கூடவே போனவர்களுக்கு அங்கே அந்தப் பெயர். மனைவி, கணவன், அம்மா என்று பலர் போயிருக்கிறார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் 31 வருடம் தொழுநோய் ஆய்வாளராக வேலை பார்த்தவன். உணர்ச்சியற்ற தேமலைத் தேடி வீடு வீடாக நடந்தவன். ஒரு கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கையில் பீடி. அது எரிந்து எரிந்து விரலிடுக்கு வரை வந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை, நானும் கவனிக்கவில்லை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஓடிவந்து தட்டிவிட்டார். வாடையிலேயே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய தோல் உணராததை இந்த அம்மா உணர்ந்துகொண்டிருந்தார். அவர்தான் உங்கள் கதாநாயகி.

விரல் அழுகி உதிர்வதாக மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். நரம்பு செத்து வலி போய்விடும். வலி இல்லாததால் காயம் தெரியாது; காயம் ஆறாமல் புண்ணாகி, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விரல் குட்டையாகும். அப்புறம், கூடப் போனவளுக்கும் கடைசியில் நோய் வந்தது என்று முடிக்க வேண்டாம். பெரும்பாலான மனிதர்களுக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே இருக்கிறது.

அவளுக்கு வேலை நிறைய. அங்கே போனவர்கள் தாங்களே பயிர் செய்து பிழைத்துக்கொள்வார்கள் என்று அரசாங்கம் நினைத்தது. குடிநீரை வைகோலு பள்ளத்தாக்கிலிருந்து சுமந்து வர வேண்டும். மடங்கிய விரல்களால் எப்படிச் சுமப்பது? சேப்பங்கிழங்கை இடித்துச் செய்யும் களியை எல்லோரும் ஒரே கலயத்தில் கைவிட்டுச் சாப்பிடுவது ஹவாய் வழக்கம். அந்தக் கலயத்தில் அவளும் கைவிடட்டும். தொழுநோய்க்கு ஹவாய் மொழியில் ‘பிரித்துவைக்கும் நோய்’ என்று ஒரு பெயர் உண்டு. அவள் பிரிய மறுத்ததைச் சொல்ல அந்தக் கலயமே போதும், வசனம் எதுவும் வேண்டாம்.

கேட்டவர்

ஐயா, நேற்று இரவே முதல் அத்தியாயத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். தினமும் பொழுது சாயும்போது அவள் கணவனின் பாதத்தைப் பார்ப்பதாக வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் அது நம்பும்படி இருக்குமா?

பதில் 2

இருக்கும். அந்த முனையே எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது, கால்வைக்கும் இடமெல்லாம் கரடுமுரடான பாறை. எங்கள் நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுத்தோம், அவள் கணவருக்கு எதுவும் கிடையாது. வலிக்கவில்லை என்றுதான் அவர் சொல்வார். அவள் அதை நம்பாமல் உள்ளங்காலைக் கையால் தடவிப் பார்க்கட்டும். சுற்றியுள்ள இடத்தை விட எந்த இடம் சூடாக இருக்கிறதோ, அதுதான் அடுத்துப் புண்ணாகப் போகிற இடம். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு புண்ணைக் கழுவிக் கட்டியிருந்தால் தானே தெரிந்துகொண்டிருப்பாள்.