எச்.ஐ.வி. உள்ளவரின் சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தால்?

கேள்வி:
என் அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது மூன்று வாரங்களுக்கு முன்புதான் தெரிய வந்தது. நோய் எதிர்ப்புச் செல்களைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை 74தான், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து இன்னும் தொடங்கவில்லை. மாலையானால் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, ஏழு கிலோ எடை குறைந்துவிட்டது. இருமல் அதிகமில்லை. இரண்டு முறை சளியை நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமி இல்லை என்றார்கள். எக்ஸ்ரேயும் தெளிவாகவே இருக்கிறதாம். இப்போது மருத்துவர் சிறுநீரைச் சோதிக்கச் சொல்கிறார். காசநோய் சிறுநீரில் எப்படித் தெரியும்?

மறுமொழி (ஆய்வக நுட்புநர்):
அம்மா, நீலப் பின்னணியில் சிவப்புக் கோடுபோலத் தெரியும் கிருமியைத் தேடி ஸ்லைடில் நூறு இடங்களையாவது பார்த்த பிறகே 'இல்லை' என்று எழுதுகிறோம். ஆனால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணில் படும். எதிர்ப்பாற்றல் உள்ளவரின் நுரையீரலில் நோய் குழிகளை உண்டாக்குவதால் கிருமி சளியோடு ஏராளமாக வெளியேறும். சிடி4 இவ்வளவு குறைந்தவருக்கு அக்குழிகள் பெரும்பாலும் உண்டாவதில்லை, கிருமி இரத்தத்தின் வழியே நிணநீர்க் கணு, கல்லீரல், சிறுநீரகம் என்று பரவிவிடுகிறது. அக்கிருமியின் செல்சுவரில் உள்ள லிப்போஅராபினோமன்னன் என்ற பொருளைத்தான் சிறுநீரில் தேடுகிறோம். சுருக்கமாக லேம் சோதனை என்போம். சோதனைப் பட்டையில் 60 மைக்ரோலிட்டர் சிறுநீரை விட்டு, 25 நிமிடம் கழித்து, ஒப்பீட்டு அட்டையைப் பக்கத்தில் வைத்து நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சில வேளைகளில் கோடு மிக மங்கலாக விழும் என்பதால், இன்னொருவரையும் பார்க்கச் சொல்லாமல் நான் முடிவை எழுதுவதில்லை.

மறுமொழி (மருத்துவர்):
தென்னாப்பிரிக்கா, தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இச்சோதனையும் சேர்த்துச் செய்யப்பட்ட எச்.ஐ.வி. உள்நோயாளிகளில் எட்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21 விழுக்காடு. வழக்கமான சோதனைகள் மட்டும் செய்யப்பட்டவர்களில் 25 விழுக்காடு. இருந்தாலும் லேம் மட்டும் போதாது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதை அது சொல்லாது. ஆகவே சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியிலும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். லேமிலும் 'இல்லை' என்று வந்தால் தேடலை நிறுத்திவிடக் கூடாது. திரவ ஊடகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்து 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல 42 நாள் ஆகும். இந்த நிலையில் அவ்வளவு நாள் காத்திருப்பது ஆபத்து என்பதால், அறிகுறிகளை வைத்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்க நேரலாம். தலைவலியோ கழுத்து விறைப்போ இருந்தால் உடனே சொல்லுங்கள். மூளையுறையில் காசநோய் இருந்தால், ஏ.ஆர்.டி. தொடங்குவதைச் சில வாரங்கள் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

கேட்டவர்:
தலைவலி இல்லை, ஐயா. கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. வலி இல்லாததால் அண்ணன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுமொழி (மருத்துவர்):
அது நோய் பரவிய நிணநீர்க் கணுவாக இருக்கலாம், நாளைக் காலையிலேயே அதைக் காட்டுங்கள். ஊசியால் உறிஞ்சி எடுப்பதில் ஒரு பகுதியை ஸ்லைடுக்கும், மறுபகுதியை உப்புநீர்க் கரைசலில் இட்டு சிபிநாட்டுக்கும் வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். அதன் பிறகு வளர்த்துப் பார்க்க இயலாது. எடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.