இனிட், டீஅலாக் உள்ளே செட்டரைக் கூப்பிடலாமா? (ஆப்ஜெக்டிவ்-சி)

ஆற்றுமணல்:
பொருளின் தொடக்க மதிப்புகளைப் போடும் இனிட்டில் செல்ஃப்.தலைப்பு = தலைப்பு என்று எழுதினால் (இது செட்டரை, அதாவது மதிப்பைப் போடும் மெத்தடைக் கூப்பிடும்) ரிவ்யூவில் திரும்பி வருகிறது, _தலைப்பு மாறியில் நேரே போடச் சொல்கிறார்கள். தலைப்பு காப்பி ப்ராபர்ட்டி, அதாவது செட்டர் கொடுத்த மதிப்பின் நகலை எடுத்து வைக்கும். நேரே போட்டால் காப்பி எடுக்காது. வெளியே இருப்பவர் மியூட்டபிள் (பின்னால் மாற்றக்கூடிய) ஸ்ட்ரிங்கைக் கொடுத்துவிட்டு அதில் எழுத்து சேர்த்தால் நம் தலைப்பும் மாறும். விதியே பிழைக்கு வழி விடுகிறது.

கடைசித்தூண்:
_தலைப்பு = [தலைப்பு காப்பி] என்று எழுதுங்கள், அந்தக் கவலை தீர்ந்தது. உண்மையான ஆபத்து சப்கிளாஸில் இருக்கிறது. அலாக் (நினைவகம் ஒதுக்குதல்) முடிந்ததுமே பொருள் சப்கிளாஸ் வகையாகிவிடும். தாய் கிளாஸின் இனிட் செட்டரைக் கூப்பிட்டால், சப்கிளாஸ் ஓவர்ரைட் செய்த (தன் வடிவில் மாற்றி எழுதிய) செட்டர்தான் ஓடும். அப்போது சப்கிளாஸின் _பட்டியல் இன்னும் நில் (வெறுமை). அந்தச் செட்டர் பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் கிராஷ்கூட ஆகாது. நில்லுக்குப் போன மெசேஜ் சத்தமில்லாமல் தொலையும். கிராஷ் ஆனாலாவது இடம் தெரியும்! சி++ கன்ஸ்ட்ரக்டரில் விர்ச்சுவல் (சப்கிளாஸ் மாற்றி எழுதக்கூடிய) மெத்தட் அழைப்பு அந்தக் கிளாஸைத் தாண்டிக் கீழே இறங்காது. இங்கே அந்தக் காப்பு இல்லை.

ஆற்றுமணல்:
தாய் கிளாஸின் மாறி பிரைவேட் என்றால்? சப்கிளாஸ் இனிட்டில் செட்டரைத் தவிர வழியே இல்லையே.

கடைசித்தூண்:
அது ஒன்றுதான் விலக்கு. [சூப்பர் இனிட்] திரும்பிய பிறகு கூப்பிடுங்கள்.

மூன்றாம்படி:
பொருள் அழியும்போது ஓடும் டீஅலாக் பற்றி யாரும் பேசவில்லை, அதுதான் மோசம். கையால் ரிலீஸ் செய்த காலத்தில் செல்ஃப்.தலைப்பு = நில் என்று எழுதுவது பழக்கம். சப்கிளாஸின் டீஅலாக் முதலில் ஓடி முடிந்திருக்கும். ஓவர்ரைட் செய்த செட்டர் விடுவித்த நினைவகத்தைத் தொடும். ஏஆர்சியில் (ரிலீஸைக் கம்பைலரே சேர்க்கும் முறை) மாறிகளை ரிலீஸ் செய்யும் வேலை நமக்கில்லை, ஆனால் லேசி கெட்டர் (முதல்முறை கேட்கும்போதுதான் பொருளை உருவாக்கித் தரும் மெத்தட்) காத்திருக்கிறது. [செல்ஃப்.இணைப்பு குளோஸ்] என்று எழுதியிருக்கிறீர்கள், இணைப்பை அதுவரை யாரும் தொடவில்லை என்று வையுங்கள். மூடுவதற்காகவே கெட்டர் புதிதாக ஒன்றை உருவாக்கும், அதன் வீக் டெலிகேட்டாக (உயிரோடு பிடித்து வைக்காமல் தகவல் மட்டும் அனுப்பும் பொருளாக) செல்ஃபைப் போடும். அழிந்துகொண்டிருக்கும் பொருளுக்கு வீக் ரெஃபரன்ஸ் உருவாக்க முடியாது, ரன்டைம் அங்கேயே நிறுத்திவிடும். [_இணைப்பு குளோஸ்] என்றால் நில்லோடு முடிந்தது.

ஆற்றுமணல்:
டீஅலாக்குக்கு நான் வாதாடவே இல்லை. இனிட்டுக்கு மட்டும் கேட்கிறேன். கிளாஸுக்கு மேலே ஆப்ஜேசி_சப்கிளாஸிங்_ரெஸ்ட்ரிக்டட் போட்டால் சப்கிளாஸ் எழுத கம்பைலரே விடாது. பிறகு என்ன பயம்?

கடைசித்தூண்:
ஓவர்ரைட் பயம் போய்விடும். நீங்களே எழுதிய செட்டர் மிச்சம். செல்ஃப்.அகலம் போடும்போது அந்தச் செட்டர் _உயரத்தையும் படித்துப் பரப்பைக் கணக்கிட்டால், இனிட்டில் உயரம் அடுத்த வரியில் இருக்கும்வரை பரப்பு 0. ஓவர்ரைடும் இல்லை, பக்கவிளைவும் இல்லை என்றால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் யாராவது பின்னால் செட்டரில் ஒரு வரி சேர்க்கும்போது, இனிட்டும் அதைக் கூப்பிடுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?