கிட்டே போனால் படம் குதித்து மங்குகிறது – கிண்ணக் காளானைப் போனில் எடுக்க உதவி வேண்டும்

தேயிலைத்தூறல்:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு அனுமதி வாங்கிப் போயிருந்தோம். முந்தின ரெண்டு நாளும் நல்ல மழை. மத்தவங்க அண்ணாந்து பறவை தேடிக்கிட்டே நடந்தாங்க. நான் கால்ல ஏறின அட்டையைத் தட்டிவிடக் குனிஞ்சேன். பாதை ஓரத்துல ஒரு மக்கின குச்சி, அதுமேல வரிசையா குட்டிக் குட்டிக் கிண்ணம். ஒவ்வொண்ணும் சட்டைப் பட்டன்ல பாதிதான் இருக்கும். வெளியே பழுப்பா, கம்பளி மாதிரி சுணை. உள்ளே வழவழன்னு சாம்பல் நிறம், மேலேர்ந்து கீழே கோடு கோடா. அடியில நாலஞ்சு முட்டை, கருப்பு உளுந்தை லேசா அமுக்கி வச்ச மாதிரி! ஒரு கிண்ணத்துக்கு மட்டும் வாயில வெள்ளைத் தோல் மூடியிருந்துச்சு, ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டின மாதிரி.

இது பறவைக்கூட்டுக் காளான்னு கூட வந்த அக்கா சொன்னாங்க. முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து 140 படம் எடுத்தேன். ஒண்ணுகூடத் தேறலை. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

என்கிட்ட இருக்கிறது மூணு கேமரா உள்ள போன், கூடவே 10எக்ஸ் கிளிப் மேக்ரோ லென்ஸ். கொஞ்சம் தள்ளி இருக்கும்போது திரையில தெளிவு வர்ற மாதிரி இருக்கு. இன்னும் கிட்டே போனதும் படம் பொசுக்குன்னு ஒரு பக்கமாக் குதிக்குது, ஓரம் கருப்பாகுது, அப்புறம் எல்லாமே மசமசன்னு ஆயிடுது. லென்ஸைத் துடைச்சுப் பார்த்துட்டேன், போனை அணைச்சுப் போட்டுப் பார்த்துட்டேன். லென்ஸ் கோளாறா, போன் கோளாறா, இல்ல நான்தான் தப்பா எடுக்கிறேனா? அடுத்த ஞாயிறு மறுபடி போறேன். மழை விட்டா அந்தக் கிண்ணம் காலியாயிடுமோன்னு பயமா இருக்கு.

மழைக்கால்:

கை ஆட்டம்தான் காரணமா இருக்கும். ட்ரைபாட் போட்டு, ஃபிளாஷ் ஆன் பண்ணி எடுங்க.

தேயிலைத்தூறல்:

நன்றிங்க. குச்சி தரையோட தரையாக் கிடக்கு, என் ட்ரைபாட் அவ்வளவு தாழ வராது. ஃபிளாஷ் போட்டா கிளிப்போட நிழல் பாதிப் படத்தை மறைக்குது, ஈரத்துல பட்ட வெளிச்சம் மீதியை வெள்ளையாக்கிடுது. முட்டையே தெரியலை.

பழைய_ஃபிலிம்ரோல்:

கை ஆட்டம் என்றால் படம் இழுபடும், குதிக்காது. ஒரு பக்கமாகக் குதிக்கிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. காட்டுக்குப் போக வேண்டாம், சாப்பாட்டு மேசையிலேயே சோதித்துவிடலாம். ஒரு பத்து ரூபாய் நோட்டை வையுங்கள். வழக்கம்போல கிளிப்பை மாட்டிக்கொண்டு கிட்டே போங்கள். படம் குதித்த பிறகு போனை அசைக்காமல், பின்பக்கத்தில் உள்ள மற்ற கேமராக்களை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். எதை மூடும்போது திரை இருட்டாகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தேயிலைத்தூறல்:

சார், செஞ்சு பார்த்தேன். கிளிப் மாட்டியிருக்கிறது பெரிய கேமரா மேல. ஆனா குதிச்ச பிறகு அதுக்குப் பக்கத்துல இருக்கிற கேமராவை மூடினாத்தான் திரை இருட்டாகுது! அப்போ நான் இத்தனை நாளா எடுத்தது எந்தக் கேமராவுல?

பழைய_ஃபிலிம்ரோல்:

அல்ட்ராவைடில், அதாவது அகலமான காட்சி எடுக்கும் கேமராவில் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் போனிலும் கோளாறு இல்லை, லென்ஸிலும் இல்லை.

பெரிய கேமராவுக்குப் பொருள் 10, 15 சென்டிமீட்டராவது தள்ளி இருந்தால்தான் ஃபோகஸ் கிடைக்கும். அதைவிடக் கிட்டே ஏதோ வருகிறது என்று தெரிந்ததும் போன் தானாகவே அல்ட்ராவைடுக்குத் தாவிவிடும். ரெண்டு மூணு சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும் கேமரா அது. முன்னால் நீங்கள் ஒரு கண்ணாடி மாட்டியிருப்பது போனுக்குத் தெரியாது. அது நல்லதாக நினைத்துச் செய்கிறது, நீங்கள் கிளிப்பின் பிளாஸ்டிக் விளிம்பைப் படம் எடுக்கிறீர்கள். ஓரம் கருப்பாவதும் அதனால்தான்.

கேமரா அமைப்புகளில் தானியங்கி மேக்ரோ என்றோ அதே பொருள்படும் வேறு பெயரிலோ ஒரு பொத்தான் இருக்கும், அதை அணையுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடுக்குப் போய் 1எக்ஸ் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான போன்கள் அந்தக் கேமராவிலேயே நின்றுவிடும். அதன்பின் கிளிப்பை லென்ஸுக்கு நேர் நடுவில் உட்காரவையுங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒரு மூலை மங்கும். நோட்டை வைத்து நாலு மூலையும் ஒரே அளவு தெளிவாக வரும்வரை நகர்த்திப் பாருங்கள்.

10எக்ஸ் லென்ஸின் குவிய தூரம் 25 மி.மீ. ஆகவே காளானிலிருந்து ஏறத்தாழ ரெண்டரை சென்டிமீட்டரில்தான் படம் தெளியும். அதற்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது.

தேயிலைத்தூறல்:

குதிக்கிறது நின்னுடுச்சு!! பத்து ரூபாய் நோட்டுல காந்தி கண்ணாடியோட ஃப்ரேம்ல இருக்கிற கோடெல்லாம் தெரியுது. சார், ரொம்ப ரொம்ப நன்றி.

இன்னும் ஒரே ஒரு சிக்கல். காளானுக்குப் பதிலா கடுகு டப்பா மூடியை வச்சுப் பழகினேன். முன் விளிம்பு தெளிவா வந்தா உள்ளே இருக்கிற கடுகு மங்குது, கடுகு தெளிஞ்சா விளிம்பு மங்குது. எனக்கு விளிம்பும் வேணும், முட்டையும் வேணும்.

பாசிப்பாட்டி:

கண்ணு, அது எல்லாருக்கும் வர்ற சிக்கல்தான். அவ்வளவு கிட்டே போனா தெளிவா விழற பகுதி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தனிக் கேமராவுல அபெர்ச்சரை, அதான் வெளிச்சம் நுழையற துவாரத்தைச் சுருக்கிக் கொஞ்சம் கூட்டிக்கலாம், பெரும்பாலான போன்ல அதுக்கு வழியில்லை. அதனால பல படமா எடுத்து அடுக்கணும்.

போனை நகர்த்தாதே. ப்ரோ மோட்ல ஃபோகஸ் ஸ்லைடர் இருக்கும்ல, ஒரு முனையில பூப் படம், இன்னொரு முனையில மலைப் படம். கிளிப் மாட்டினப்புறம் அந்த முழு ஸ்லைடரும் சேர்ந்து நகர்த்துறது வெறும் நாலஞ்சு மில்லிமீட்டர்தான். நமக்கு வேண்டியதும் அதுதான்! ஒரு முனையில ஆரம்பிச்சுத் துளித்துளியா நகர்த்தி 15 படம் எடு. ஐஎஸ்ஓ, ஷட்டர், வெள்ளைச் சமநிலை மூணையும் பூட்டிடு, இல்லேன்னா ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்துல வரும். கிண்ணம் ஆழமா இருந்து ஒரே ஓட்டத்துல முட்டை வரை எட்டலேன்னா, போனை 3 மில்லிமீட்டர் முன்னே தள்ளி இன்னொரு ஓட்டம் எடுத்துக்கோ. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல ஹியூஜின்ங்கிற மென்பொருள்ல போட்டு ஒரே படமாச் சேர்த்துடலாம், அது இலவசம்தான்.

ட்ரைபாட் வேண்டாம். ஒரு துணிப்பையில அரை கிலோ ராகி போட்டுத் தைச்சுக்கோ. அரிசியைவிட ராகிதான் நல்லாப் பதியும். பையை மெதுவா அமுக்கிப் பள்ளம் பண்ணி, போனைச் சாய்ச்சு வை. பொத்தானை விரலால தொடாதே, 2 செகண்ட் டைமர் வை. சோலைக்குள்ள பகல்லயே சாயங்காலம் மாதிரிதான் இருக்கும், ஷட்டர் பத்துல ஒரு செகண்டுக்கு இறங்கிடும். அதுல விரல் பட்டாப் போச்சு.

வெளிச்சத்துக்கு ஒரு சின்ன டார்ச், அதுமேல பட்டர் பேப்பர் ரெண்டு மடிப்பு. எதிர்ப்பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகையோட வெள்ளைப் பக்கத்தைப் பிடிச்சா நிழல் இளகும். கிண்ணத்துக்குள்ள இருக்கிற கோடு தெரியணும்னா டார்ச்சை மேலேர்ந்து அடிக்காம பக்கவாட்டுல அடி.

இன்னொண்ணு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், காலையில குளிரும். ஜில்லுன்னு இருக்கிற லென்ஸ்ல உன் மூச்சுக்காத்து பட்டாலே பனி பிடிச்சுடும். நீ துடைச்சும் மங்கலா இருந்துச்சுன்னு எழுதினியே, அதுல பாதி இதுவா இருக்கலாம். கிளிப்பைச் சட்டைப் பைக்குள்ள சூடா வச்சிரு, எடுக்கும்போது மூச்சை ஒரு பக்கமா விடு.

மழைக்கால்:

முதல்ல நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், மன்னிக்கணும். இந்தக் காளானைப் பத்திப் படிச்சிருக்கேன், மழைத்துளி விழுந்தா முட்டை தெறிக்கும்னு. ஒரு டிராப்பர்ல தண்ணி எடுத்துட்டுப் போய் மேலேர்ந்து சொட்டு விட்டா வீடியோவே எடுக்கலாமே?

பாசிப்பாட்டி:

வேண்டாம் தம்பி. ஒரு கிண்ணத்துல இருக்கிறதே நாலஞ்சு முட்டை. ஒவ்வொண்ணுக்குள்ளயும் அதோட வித்துகள் அத்தனையும் இருக்கு. எந்த மழையில, எந்தத் திசையில போகணும்னு அதுக்கு ஒரு நேரம் இருக்கு. நம்ம ஒரு படத்துக்காக அதைத் தெறிக்கவிடக் கூடாது. குச்சியை எடுத்து வெளிச்சத்துல வைக்கிறதும் கூடாது. நாம போற பாதையை விட்டு இறங்கி மிதிச்சா, மிதிபடுறது என்னன்னே நமக்குத் தெரியாது. அந்தச் சோலையிலேர்ந்துதான் கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணி வருது. 2024ல உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்லயும் சேர்த்திருக்காங்க.

பழைய_ஃபிலிம்ரோல்:

பாட்டி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். அந்த முட்டையின் வேலை எப்படி என்று தெரிந்தால் தேயிலைத்தூறலுக்குப் படம் எடுக்கவும் உதவும், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இது சயாத்தஸ் பேரினம். கனடாவின் காளானியலாளர் ஹரால்ட் புரோடி இந்தக் காளான்களின் பின்னாலேயே பல பத்தாண்டுகள் அலைந்தவர். இலையில் சேர்ந்து கனத்து விழும் பெரிய சொட்டு கிண்ணத்துக்குள் விழுந்ததும், சரிந்த சுவர் அந்தத் தண்ணீரை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. முட்டை அதோடு பறக்கிறது, ஒரு மீட்டர் தூரம் வரைகூடப் போகும். ஒவ்வொரு முட்டையின் அடியிலும் ஒரு சின்னச் சுருக்குப்பை, அதற்குள் சுருட்டி வைத்த நூல், நூலின் நுனியில் பசை. தெறிக்கும்போது பை கிழிந்து நூல் நீள்கிறது. வழியில் ஒரு தண்டோ இலைக்காம்போ பட்டால் பசை ஒட்டிக்கொள்ளும், பறந்த வேகத்தில் நூல் அதைச் சுற்றிக்கொள்ளும், முட்டை அங்கேயே தொங்கிவிடும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கிண்ணம் காலியாக இருந்தால் வருத்தப்படாதீர்கள். சுற்றிலும் ஒரு மீட்டருக்குள் உள்ள செடிகளைப் பாருங்கள், இலையின் அடிப்பக்கம் உட்பட.

தேயிலைத்தூறல்:

இன்னிக்குப் போய்ட்டு வந்துட்டேன். கை இன்னும் ராகி வாசனையா இருக்கு.

இந்த வாரமும் மழை பெஞ்சிருக்கு. ஏழு கிண்ணத்துல அஞ்சு காலி. நடுங்கிப் போய்ட்டேன். ஒண்ணுல ஒரே ஒரு முட்டை ஓரமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. போன வாரம் வெள்ளைத் தோல் மூடியிருந்துச்சே, அது இப்போ நடுவுல கிழிஞ்சிருக்கு, உள்ளே அத்தனை முட்டையும் பளபளன்னு, தொடாத புதுசா இருந்துச்சு. அதைத்தான் எடுத்தேன். ரெண்டு ஓட்டம், 28 படம். டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சதும் சுவத்துக் கோடு ஒவ்வொண்ணும் தனித்தனியா எழுந்து நின்னுச்சு. மூச்சை அடக்கி அடக்கி எனக்குத் தலையே சுத்திடுச்சு. ஹியூஜின் இப்பத்தான் சேர்த்து முடிச்சுது. முன் விளிம்புல இருக்கிற சுணையும் தெரியுது, அடியில இருக்கிற முட்டையும் தெரியுது. முட்டைக்கு மேல ஒரு துளித் தண்ணி, அதுக்குள்ள தலைகீழா மரம்!

அப்புறம் சார் சொன்ன மாதிரி சுத்திப் பார்த்தேன். பாதையிலேயே குப்புறப் படுத்து, ஒரு பெரணியை லேசா அண்ணாந்து பார்த்தேன். தரையிலேர்ந்து ஒரு முழம் உயரத்துல, இலைக்காம்புல ஒரு கருப்பு உளுந்து. நூல் ரெண்டு சுத்துச் சுத்தியிருக்கு. அந்தப் படம் கொஞ்சம் ஆடித்தான் வந்திருக்கு, காத்துல இலை நிக்கலை. அசையற இலையை எப்படி எடுக்கிறதுன்னு யாராவது சொல்லுங்களேன், அதைப் பிடிக்காம, கட்டாம.