எட்டு பேருக்குள் அடங்காத குதிரைப் பண்ணை: செம்பியின் வம்சத்தை எப்படிக் கொண்டுபோவது?

தோவாளைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். சிம்ஸ் 4 கணினி விளையாட்டில் குதிரை வளர்க்க உதவும் ஹார்ஸ் ராஞ்ச் என்ற கூடுதல் தொகுப்பை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முதல் நாளிலிருந்து ஒரே பண்ணைதான், விளையாட்டில் வரும் செஸ்ட்நட் ரிட்ஜ் என்ற ஊரில். இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் வழி சொல்ல முடியும் என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பண்ணையில் ஆட்கள் இரண்டு பேர், ஒரு அம்மாவும் மகளும். குதிரைகள் ஆறு. செம்பி என்பவள்தான் தாய்க்குதிரை. யாரும் வேண்டாம் என்று விட்ட குதிரைகளைத் தத்தெடுக்கலாம் இல்லையா, அப்படி வந்தவள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக்கோடு. அவளுக்குத் துணையாகக் கரியன் என்ற கருப்புக் குதிரையை வாங்கினேன். அவர்களுக்குப் பிறந்தவை பிச்சி, சம்பங்கி, கேந்தி, அரளி. எங்கள் ஊரில் பொழுது விடிவதே பூச்சந்தையில்தான். அம்மாவோடு விடியற்காலையில் பூக்கட்டி முடித்த பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பேன், அதனால் குட்டிகளுக்கு எல்லாம் பூப்பெயர்தான்.

பிரச்சினை என்னவென்றால், இரண்டும் ஆறும் எட்டு. ஒரு குடும்பத்தில் எட்டுக்கு மேல் விளையாட்டு விடாது, குதிரையும் அந்தக் கணக்கில் சேரும். பிச்சி வளர்ந்துவிட்டாள். அடக்கம் என்னும் திறனில் 10 வரை வந்து, வெஸ்டர்ன் பிளெஷர் என்ற குதிரைப் போட்டியில் கோப்பை வாங்கியவள். அவளுக்கு ஒரு குட்டி வேண்டும் என்று ஆசை. ஆனால் கூடப்பிறந்த அரளியோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. வெளியிலிருந்து ஒரு ஆண்குதிரை வாங்கலாம் என்றால் இடமில்லை. இதற்கிடையில் செம்பிக்கு வயதாகிவிட்டது. நடையே மாறிவிட்டது. இன்னும் எத்தனை நாள் இருப்பாளோ.

கேந்தியையும் அரளியையும் விற்றுவிடு என்று ஒரு தோழி சொன்னாள். எனக்கு அது முடியாது. சின்ன வயதில் எங்கள் தொழுவத்தில் ஒரே பசுவின் வழிவந்த மாடுகள்தான் நின்றன. காளைக்கன்றைத்தான் ஆச்சி விற்பாள். கிடேரியைக் கேட்டு யார் வந்தாலும், "அது அவ அம்மைக்க பால்மடி, குடுக்க மாட்டேன்" என்பாள். ஆச்சி இறந்த வருடமே மாட்டையும் விற்றுவிட்டோம். விளையாட்டில் குதிரை வளர்க்க உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தத் தொழுவம்தான் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. விஜயதசமி அன்று கன்னியாகுமரி பகவதி அம்மன் வெள்ளிக் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போவாளே, அதை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த நாளிலிருந்து எனக்குக் குதிரை என்றால் உயிர்.

என் கேள்வி இரண்டு. எட்டு பேர் கணக்கைத் தாண்டாமல் இந்த வம்சத்தை எப்படித் தொடர்வது? செம்பிக்கு வயது ஏறுவதை நிறுத்தலாமா, நிறுத்தினால் விளையாட்டு கெட்டுவிடுமா?


முப்பந்தல் காற்று:

தங்கச்சி, நான் இதற்கு முந்தைய விளையாட்டான சிம்ஸ் 3-க்கு பெட்ஸ் தொகுப்பு 2011-ல் வந்த நாளிலிருந்து குதிரை வளர்க்கிறேன். அப்போது ஓட்டமும் தாண்டுதலும்தான் குதிரையின் திறன்கள். இப்போது சுறுசுறுப்பு, தாண்டுதல், அடக்கம், தாங்கும் சக்தி என்று நான்கு. ஒரு குதிரையை நான்கிலும் மேலே கொண்டுபோக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் விற்க மாட்டேன் என்று நீங்கள் சொல்வது புரிகிறது.

இரண்டாவது பண்ணை போடுங்கள். அதே செஸ்ட்நட் ரிட்ஜில் காலி மனை ஒன்றை எடுத்து, குடும்பங்களை நிர்வகிக்கும் மேனேஜ் ஹவுஸ்ஹோல்ட்ஸ் பக்கம் வழியாகக் குதிரைகளைப் புதிய குடும்பத்துக்கு மாற்றலாம். ஆனால் குதிரை மட்டும் தனியாக ஒரு வீட்டில் இருக்க முடியாது, வளர்ந்த ஆள் ஒருவர் வேண்டும். உங்கள் பண்ணையின் மகள் வளர்ந்தவள் என்றால் அவளை அனுப்புங்கள். இன்னும் சின்னப் பெண் என்றால் புதிதாக ஒரு ஆளை உருவாக்கிக்கொள்ளலாம். ஒரே சேவுக்குள், அதாவது சேமித்த அதே ஆட்டத்துக்குள், மாற்றுவதால் யாருக்கு யார் தாய் என்ற வம்சாவளி அப்படியே இருக்கும். கேந்தியும் அரளியும் அங்கே போனால் இங்கே இரண்டு இடம் காலி. வெளிக்குதிரைக்கு ஒன்று, பிச்சியின் குட்டிக்கு ஒன்று.

மாற்றிய கையோடு, நாம் விளையாடாத வீடுகளில் என்ன நடக்கலாம் என்று தீர்மானிக்கும் நெய்பர்ஹுட் ஸ்டோரீஸ் அமைப்பில் அந்த வீட்டைப் பாருங்கள். அதை அப்படியே விட்டால் நீங்கள் இங்கே விளையாடும் நேரத்தில் அங்கே வீடு மாறுவது, புது விலங்கு தத்தெடுப்பது என்று விளையாட்டே முடிவு செய்யும். நான் ஒருமுறை கவனிக்காமல் விட்டு, திரும்பிப் போய்ப் பார்த்தால் மனையே காலி.

வயது விஷயம். அமைப்பில் வயது ஏறுவதை முழுதாக நிறுத்தலாம், அல்லது இப்போது விளையாடும் குடும்பத்துக்கு மட்டும் ஏறும்படி வைக்கலாம். இரண்டாவதை வைத்துவிட்டு நான் இன்னொரு வீட்டில் விட்ட கிழட்டுக்குதிரைக்கு வயது ஏறவே இல்லை. செம்பியையும் அப்படி அந்தப் பண்ணைக்கு அனுப்பிவிட்டால் அவள் சாக மாட்டாள். ஆயுளை நீளமாக வைக்கும் வசதியும் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குதிரை வளர்ப்பு நம் பக்கம் எளிதாக இருந்ததே இல்லை. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதும்போது, கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியும் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் நிறைய செத்துப்போயின என்று எழுதியிருக்கிறார். நீங்கள் ஒரு தத்துக்குதிரையிலிருந்து இத்தனை வளர்த்திருப்பது பெரிய காரியம்.


குழித்துறை அக்கா:

மோளே, நான் விளையாடுகிறவள் இல்லை. என் பையன் விளையாடுவான், பக்கத்தில் இருந்து பார்ப்பேன். கால்நடை மருந்தகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் என்பதால் நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நிஜக் குதிரையில் செம்பழுப்பு என்பது ஒடுங்கிய குணம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டும் செம்பழுப்பாக வந்தால்தான் குட்டி செம்பழுப்பு. செம்பழுப்பும் செம்பழுப்பும் சேர்ந்தால் செம்பழுப்பைத் தவிர வேறு பிறக்காது. கருப்பும் செம்பழுப்பும் சேரும்போது, அந்தக் கருப்புக்குள் ஒரு செம்பழுப்பு ஒளிந்திருந்தால் மட்டும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சாம்பல் குதிரை வேறு கணக்கு. பிறக்கும்போது கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், வருடம் போகப் போக வெளுக்கும். விளையாட்டில் இவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை என்று பையன் சொல்கிறான். ஆனாலும் செம்பியின் நிறம் வேண்டும் என்றால் பிச்சிக்கு ஒரு செம்பழுப்பு ஆண்குதிரையையே பாருங்கள். நிஜத்தில் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கூடப்பிறந்ததோடு சேர்க்காமல் இருப்பது சரி. பசுவில் சினை ஊசி போடும்போதும் அதைத்தான் பார்ப்போம், தகப்பன் வழி ஒன்றாக இருக்கக்கூடாது என்று. நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: குட்டியின் பெயர், தாய், தகப்பன், நிறம், குணம். மூன்றாவது தலைமுறையில் குழம்பிப் போகும்.

அப்புறம் ஒன்று. நிஜக் குதிரை பதினொரு மாதம் சுமக்கும். பசு ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் கூட. அதனால் நிஜப் பண்ணையில் ஒரு தாய்க்குதிரை வருடத்துக்கு ஒரு குட்டிதான். விளையாட்டில் சில நாளில் பிறந்துவிடுகிறது என்று அவசரப்பட்டு வரிசையாகக் குட்டி எடுக்காதீர்கள். ஒன்றை வளர்த்து, குணம் தெரிந்த பிறகு அடுத்தது.


ரப்பர்க்காட்டுத் தம்பி:

அக்கா, இரண்டாவது பண்ணை போட்டால் காசு வேண்டும். நெக்டர் செய்யுங்கள், பழம் போட்டுப் புளிக்க வைத்து நாள்பட விட்டால் விலை ஏறும். குட்டை ஆடும் குட்டைச் செம்மறியும் எட்டுக் கணக்கில் சேராது. பாலும் கம்பளியும் தனி வருமானம். எங்கள் குலசேகரம் வீட்டில் ரப்பர் பால் விலை இறங்கினால் ஆட்டுப்பாலில்தான் சமாளிப்போம், விளையாட்டிலும் எனக்கு அதேதான் ஓடுகிறது.

செம்பியோடு இருக்கும் குடும்பத்தை விளையாட்டின் லைப்ரரி என்ற சேமிப்பிடத்தில் இப்போதே சேமித்து வையுங்கள். ஆனால் அங்கிருந்து திரும்ப இறக்கினால் வருவது நகல்தான்.


தோவாளைக்காரி:

அண்ணே, அக்கா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் ஒருநாள் மின்சாரம் போய், பேட்டரியும் கெட்டுப்போன லேப்டாப் என்பதால், மூன்று மணி நேர ஆட்டம் போய்விட்டது. சேவ் ஆஸ் போட்டுத் தனிப்பிரதி வைக்கும் பழக்கம் அன்றுதான் வந்தது.

அண்ணன் சொன்னபடி மகளைப் புதுப் பண்ணைக்கு அனுப்பினேன். கூடவே கேந்தி, அரளி. நெய்பர்ஹுட் ஸ்டோரீஸ் எல்லாவற்றையும் அந்த வீட்டுக்கு அணைத்துவிட்டேன். காசுக்கு நெக்டர்தான் கை கொடுத்தது. குட்டை ஆடும் இரண்டு வாங்கியிருக்கிறேன்.

செம்பியை அனுப்புவது பற்றி மூன்று நாள் யோசித்தேன், அண்ணே. அங்கே விட்டால் வயது ஏறாது, சாக மாட்டாள், சரி. ஆனால் நான் அந்த வீட்டைத் திறக்காமல் இருக்கும்வரைதான் அவள் அப்படி இருப்பாள். அவளைத் தடவ, குளம்பைச் சுத்தம் செய்ய, அந்த வீட்டைத் திறந்தால் வயது ஏறும். பார்க்காமல் வைத்திருப்பதற்கு அவள் எதற்கு? ஆச்சி கடைசிப் பசுவைக் கிழடாகியும் தொழுவத்திலேயே வைத்திருந்தாள். கறக்காத மாட்டுக்குத் தவிடும் பிண்ணாக்கும் எதற்கு என்று மாமா கேட்டதற்கு ஆச்சி பதிலே சொல்லவில்லை, தவிட்டை மட்டும் கரைத்து வைத்தாள். நானும் செம்பியைப் பழைய பண்ணையிலேயே வைத்தேன். ஆயுளை மட்டும் நீளமாக மாற்றினேன்.

குழித்துறை அக்கா சொன்னபடி செம்பழுப்பு ஆண்குதிரை ஒன்று பார்த்து வாங்கினேன். அவனுக்குச் செந்துளுவன் என்று பெயர் வைத்தேன், நம் ஊர் செவ்வாழை நிறம். முதலில் பிச்சிக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. இரண்டு பேரையும் ஒரே புல்வெளியில் விட்டுப் பழக்க ஒரு வாரம் ஆனது.

குட்டி முந்தாநாள் பிறந்தது. முழுச் செம்பழுப்பு. நெற்றியில் கோடு இல்லை, ஆனால் பின்னங்கால் இரண்டிலும் வெள்ளை. கொழுந்து என்று பெயர் வைத்திருக்கிறேன். பிறந்த அன்று செம்பி தொழுவத்திலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். விளையாட்டில் அது தற்செயலாக இருக்கலாம், நான் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

செம்பி நேற்று இறந்துவிட்டாள். சாயங்காலம், வேலிக்கு வெளியே, ஓட்டம் பழகும் பீப்பாய்களுக்கு அந்தப் பக்கம். கல்லறையைப் புல்வெளியின் ஓரத்தில் வைத்துச் சுற்றிலும் பூச்செடி நட்டிருக்கிறேன். இன்று காலை பூக்கட்டும்போது அம்மாவிடம் சொன்னேன். எந்தச் செம்பி என்று கேட்டாள். முதலிலிருந்து எல்லாம் சொல்ல ஒரு கூடை பிச்சிப்பூ தீர்ந்தது.

நோட்டு போட்டாயிற்று, அக்கா. முதல் வரி: செம்பி, தாய் தகப்பன் தெரியாது, செம்பழுப்பு, நெற்றிக்கோடு. ஏழாவது வரி: கொழுந்து, தாய் பிச்சி, தகப்பன் செந்துளுவன். குணம் என்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை, வளர்ந்த பிறகு எழுதுகிறேன்.


குழித்துறை அக்கா:

மோளே, பின்னங்கால் வெள்ளையையும் எழுதி வை. எந்தக் கால், எவ்வளவு உயரம் என்று.