முள் நீக்கிய ஃபில்லெட்: ஒரு கிலோவில் ஒரு முள் இருந்தால் குறைபாடா?

கேள்வி:
கடலில் பிடித்த வெள்ளைச் சதை மீன்களை ஃபில்லெட்டாக வெட்டி உறையவைக்கும் கூடமொன்றில் தரச்சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். 'முள் நீக்கியது' என்று அச்சிட்டு அனுப்பிய ஒரு கிலோ பொதியில் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள ஊசிமுள் (சதைக்குள் வரிசையாக நிற்கும் மெல்லிய முள்) ஒன்று இருந்ததாகக் கூறி, வாங்குபவர் சரக்கு முழுவதையும் மறுத்துவிட்டார். இனி எல்லா மீனுக்கும் 'வி' வடிவ வெட்டுப் போட்டு முள்வரிசையைச் சதையோடு எடுத்துவிட வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். அப்படிச் செய்தால் தடித்த நல்ல சதை வீணாகிறது. சர்வதேசத் தரநிர்ணயம் உண்மையில் என்ன கேட்கிறது?

பதில் 1:
உறையவைத்த ஃபில்லெட்டுகளுக்கான கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர ஆணையம்) பொதுத் தரநிர்ணயத்தை (எண் 190, ஆண்டு 1995) ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நடுமுள்ளுக்கு இணையாக வெட்டி உடலிலிருந்து பிரித்த, ஒழுங்கற்ற அளவும் வடிவமும் கொண்ட சதைத்துண்டுகள் என்றே அது ஃபில்லெட்டை வரையறுக்கிறது. அதாவது, வெட்டின் திசையைக் கட்டுப்படுத்தும் அந்த வரையறை வடிவத்தைக் கட்டுப்படுத்தவில்லை. முள் நீக்கியது என்று விற்க வேண்டுமானால் ஊசிமுட்களையும் எடுத்திருக்க வேண்டும். ஆனால் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீளம், அல்லது 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விட்டம் கொண்ட முள், கிலோவுக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் அது குறைபாடு. தங்கள் பொதியில் இருந்தது ஒன்றே ஒன்று என்றால், அது கோடெக்ஸ் கணக்கில் குறைபாடே ஆகாது.

பதில் 2:
'வி' வெட்டு கட்டாயமில்லை; முள்ளை எப்படி எடுப்பது என்பதை அந்தத் தரநிர்ணயம் நம்மிடமே விட்டுவிடுகிறது. ஆனாலும் மேற்பார்வையாளரின் கவலையில் நியாயம் உண்டு. நடுமுள்ளை அகற்றிய பிறகும் ஊசிமுட்கள் ஃபில்லெட்டின் முன்பகுதிச் சதைக்குள்ளேயே இணைப்புத் திசுவால் பிடிக்கப்பட்டு நிற்கின்றன. மீன் இறந்த பின் உடலில் ஏற்படும் விறைப்புத் தளரும் முன் இடுக்கியால் இழுத்தால் சதை கிழியும். காட் (cod) போன்ற வெள்ளைச் சதை மீன்களில் முள்ளே முறிந்து பாதி உள்ளே தங்கிவிடும். அத்தகைய மீனுக்கு 'வி' வெட்டே நேர்மையான வழி என்பது என் கருத்து. சால்மன் போன்றவற்றில் விறைப்புத் தளர்ந்த பின் தலைப்பக்கம் நோக்கிச் சாய்வாக இழுத்தால் முள் முழுதாகவே வந்துவிடும். ஆகவே எல்லா மீனுக்கும் ஒரே வெட்டு என்ற முடிவு சரியல்ல.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வாங்குபவர் திருப்பி அனுப்பிய முள்ளின் அடிப்பகுதியை நகத்தால் கீறிப் பார்த்தேன். ஈரமான நாரைப் போலச் சுருண்டு உரிந்துவிட்டது. அந்த அடிப்பகுதியையும் அவர்கள் நீளத்தில் சேர்த்து அளந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பதில் 1 எழுதியவர்:
தாங்கள் செய்தது தரநிர்ணயமே சொல்லும் சோதனை! நடுமுள்ளோடு ஒட்டியிருந்த அந்த அடிப்பகுதி 2 மில்லிமீட்டருக்கு மேல் அகலமில்லை என்றாலோ, நகத்தால் எளிதில் உரிந்துவிட்டது என்றாலோ, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதை நீக்கிவிட்டு மீண்டும் அளந்து, அந்த அளவை எழுத்தில் அனுப்புங்கள்.

பதில் 3:
இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். முதலாவது, ஒரு பொதி குறைபாடுடையது என்றாலும் சரக்கு முழுவதும் தவறியதாகாது. மாதிரி எடுக்கும் திட்டப்படி எடுத்த பொதிகளில் குறைபாடுள்ளவற்றின் எண்ணிக்கை ஏற்பு எல்லையைத் தாண்டினால்தான் சரக்கை மறுக்கலாம். அமெரிக்க அரசின் ஃபில்லெட் தரநிர்ணயமும் 'ஏறத்தாழ முள்ளற்ற' சதை என்றுதான் சொல்கிறது. முற்றிலும் முள்ளற்றது என்று அது எதிர்பார்ப்பதில்லை. இரண்டாவதுதான் தங்களுக்கு முக்கியம்: ஒப்பந்தத்தில் 'ஒரு முள்கூட இருக்கக் கூடாது' என்று கையெழுத்திட்டிருந்தால், கோடெக்ஸ் தரும் சலுகையை அங்கே எடுத்துக்காட்டிப் பயனில்லை. வாங்குபவருக்குப் பதில் எழுதுவதற்கு முன் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.